இரண்டாயிரம் ஜிபியைச் சுருக்கப் போன ஞாயிற்றுக்கிழமை

எதையும் இரண்டு தரம் பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. மூன்று தரம் பார்த்தால் மட்டும் வந்துவிடுமா என்று கேட்டால், அதுவும் வராது.

அவள் வேலை பார்த்த காது கிளினிக்கில் அவளுக்கு ‘ரெண்டுதரம்’ என்று பெயர். வைத்தது ரிசப்ஷனில் இருந்த பெண். “ரெண்டுதரம் அக்கா வந்துட்டாங்களா?” என்று முகத்துக்கு நேராகவே கேட்பாள். இவளுக்கும் கோபம் வந்ததில்லை, உள்ளதைத்தானே சொல்கிறாள் என்று விட்டுவிட்டாள். காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்குவாள். கீழே வந்ததும் பூட்டினோமா என்று ஒரு சந்தேகம் வரும். மறுபடி மூன்று மாடி ஏறி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்குவாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. “உனக்காகத்தான் இந்த வீட்டைப் பிடிச்சேன், நல்ல உடற்பயிற்சி” என்பார்.

நாற்பத்தாறு வயது. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், நின்றால் விரல் எதையாவது தட்டும். சும்மா இருப்பவர்களைப் பொறுமைசாலி என்று மெச்சுவதும், இப்படிப்பட்டவர்களைப் பார்த்துச் சிரிப்பதும் உலக வழக்கம். ஆனால் பொறுமைசாலிகள் அடுப்பை அணைக்காமல் ஊருக்குப் போன கதை எனக்கு நாலைந்து தெரியும். அவளைப் பற்றி அப்படி ஒரு கதையும் கிடையாது. இது வேறு கதை.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிளினிக்குக்கு டைப் அடிக்கத்தான் வந்தாள். கம்ப்யூட்டர் பழுது பார்க்க ஆள் வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, “இதை ஏன் அழுத்துனீங்க? அதை ஏன் அழுத்தல?” என்று துளைத்தெடுப்பாள். துளைத்ததில் பாதி வேலை படிந்துவிட்டது. மீதியை ராத்திரியும் பகலுமாகப் படித்துத் தெரிந்துகொண்டாள். கடைசியில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போனபோது, டாக்டரம்மா புதிதாக ஆள் தேடவில்லை. சாவியை இவள் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தச் சாவிக்குப் பின்னால் இருந்தது குழந்தைகளின் கணக்கு. காது சரியாகக் கேட்காத குழந்தைகள் எழுநூறு பேருக்கு மேல் அங்கே வந்துகொண்டிருந்தார்கள். எந்த ஓசை எவ்வளவு சத்தமாக வந்தால் ஒரு குழந்தைக்குக் கேட்கும் என்று மாதக்கணக்கில் அளந்து, அந்த அளவைக் காது மெஷினில் ஏற்றுவார்கள். பெரியவர்கள் என்றால், ‘இது கேக்குது, இது கேக்கல’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். மூன்று வயதுப் பிள்ளை சொல்லாது. அதனிடமிருந்து ஓர் அளவை வாங்குவதற்குள் டாக்டரம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். மெஷின் காதில் இருக்கும்வரை அளவு அதற்குள்ளேயும் இருக்கும். மெஷின் தொலைந்தாலோ, தண்ணீரில் விழுந்தாலோ, அந்த அளவு மிஞ்சியிருக்கிற ஒரே இடம் சர்வர்தான்.

சர்வர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சோதனை அறைக்குப் பின்னால், முன்பு அட்டைப் பெட்டி போட்டு வைத்திருந்த ஓர் அறை. திறக்காத ஜன்னல், ஒரு மேசை விசிறி, மேசைமேல் ஒரு கருப்பு இயந்திரம். அந்த இயந்திரத்துக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் விர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். கையால் தொடுவதற்கு அதில் ஒன்றும் கிடையாது. அதன் டிஸ்க்கே பெரிய டிஸ்க்கில் கிடக்கும் ஒரு ஃபைல்தான். அந்த ஃபைலை அப்படியே தூக்கி வேறு இயந்திரத்தில் வைத்தால் அங்கேயும் ஓடும்.

தூக்குவதில்தான் சிக்கல். முன்பு இருந்தவர் தாராள மனசுக்காரர், பூஜ்யத்தில் கஞ்சம் பார்க்காதவர். இருநூறு ஜிபி போதும் என்ற இடத்தில் இரண்டாயிரம் என்று அடித்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே சரக்கு என்னவோ இருநூறுக்குக் கொஞ்சம் கூட. மீதி முழுக்க வெறும் இடம். ஆனால் வெளியே அந்த ஃபைல் இரண்டாயிரத்தையும் அடைத்துக்கொண்டு கால் நீட்டிப் படுத்திருந்தது. ஒரு வருஷம் ரிசப்ஷன் பெண் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு நாள் உட்கார்ந்து பழைய படங்களையெல்லாம் அழித்தாள். உள்ளே காலியானது. வெளியே ஒரு ஜிபிகூடக் குறையவில்லை. அன்றிலிருந்து அவளுக்குக் கம்ப்யூட்டர் மேலேயே ஒரு மனத்தாங்கல்.

வாராவாரம் சனிக்கிழமை மதியம் பேக்கப் ஓடும். அந்த இரண்டாயிரமும், வெறும் இடம் உட்பட, ஒரு வெளி டிஸ்க்குக்கு நகல் ஆகும். ஒரு வாரம் ஒரு டிஸ்க், மறு வாரம் இன்னொன்று. திங்கட்கிழமை வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை திரையைப் பார்ப்பதுதான். ‘அசலும் நகலும் பொருந்தின’ என்று இருக்கும். ஒருமுறை பார்ப்பாள். கைப்பையை வைத்துவிட்டு வந்து இன்னொரு முறை பார்ப்பாள். நோட்டில் டிக் போடுவாள்.

அந்த வருஷம் பழைய இயந்திரம் டக் டக் என்று சத்தம் போடத் தொடங்கியது. டிஸ்க் சாகப்போகிற சத்தம். அவளுக்கு அதைக் கேட்டதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் போய்க் கதவில் காது வைத்துவிட்டு வருவாள். புது இயந்திரம் வந்தது. அதில் இருந்த இடம் ஆயிரம் ஜிபி. இரண்டாயிரம் அதில் போகாது. சுருக்கினால்தான் போகும்.

“சுருக்கினா உள்ள இருக்கறது நசுங்கிடாதா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“வரிசையா செஞ்சா நசுங்காது டாக்டர்.”

“வரிசை தப்பினா?”

“தப்பாது. எழுதி வெச்சிருக்கேன்.”

எழுதித்தான் வைத்திருந்தாள். முதலில் உள்ளே இருக்கும் ஃபைல்களை முன்பக்கமாக ஒதுக்கி, அவற்றின் எல்லையை முந்நூறு ஜிபிக்குக் குறுக்க வேண்டும். அடுத்து அதைச் சுற்றியிருக்கும் பார்ட்டிஷனை, அதாவது தடுப்புச் சுவரை, முந்நூற்றிருபதுக்குக் கொண்டுவர வேண்டும். கடைசியில்தான் டிஸ்க், அது முந்நூற்றைம்பதுக்கு. உள்ளிருந்து வெளியே வர வேண்டும், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட வேண்டும். மாற்றிச் செய்தால், ஆள் உள்ளே படுத்திருக்கும்போதே சுவரைத் தள்ளிய மாதிரிதான். தொடங்குவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவற்றைத் தாளின் மேலே எழுதியிருந்தாள். ‘ஸ்னாப்ஷாட் எதுவும் இல்லை’ என்பதற்கு எதிரே ஒரு டிக். பார்த்துப் போட்ட டிக் இல்லை அது. தெரிந்ததுதானே என்று போட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் விடுமுறை. காலை எட்டரைக்கே வந்துவிட்டாள். ‘சாப்பாடு எடுத்துட்டு வர்றேன், நீ பாட்டுக்கு வேலையப் பாரு’ என்று கணவர் சொல்லியிருந்தார். அன்றைக்கு நோயாளிகளுக்கான நாற்காலிகளெல்லாம் காலியாக இருந்தன. போகிற வழியில் இரண்டை நேராக்கிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

சுருக்குவதற்கு முன்னால் பேக்கப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தது, நேற்று எடுத்தது, பொருந்தியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு விரல் துறுதுறுவென்றது. வெட்டுகிற வேலை, ஒருதரம் நகலைத் திறந்தே பார்த்துவிடலாமே என்று தோன்றியது. இத்தனை வருஷத்தில் அவள் அதைத் திறந்ததே இல்லை. வெளி டிஸ்க்கைச் சொருகி, எதுவும் எழுத முடியாதபடி பார்க்க மட்டுமாகத் திறந்து, குழந்தைகளின் ஃபோல்டரைத் தேதி வாரியாக அடுக்கினாள்.

மேலே நின்ற தேதி இரண்டு வருஷம் பழையது.

தலைகீழாக அடுக்கிவிட்டோம் என்று நினைத்தாள். திருப்பி அடுக்கினாள். இப்போது மேலே பதினோரு வருஷம் பழைய தேதி வந்தது, கீழே இறங்கிப் பார்த்தால் கடைசியில் அதே இரண்டு வருஷம். வேறு டிஸ்க்கை எடுத்துவிட்டோம் போலிருக்கிறது என்று மற்றதைச் சொருகினாள். அதிலும் அதே தேதி, அதே கடைசிக் குழந்தை. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடமே போய்க்கொண்டிருக்கிறது.

எழுந்து அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள், சுற்றுவதற்கு அங்கே இடமில்லாமல் நாற்காலியில் இடித்துக்கொண்டாள். பிறகு பழைய இயந்திரத்தில் அந்த டிஸ்க் ஃபைல் கிடக்கும் இடத்தைத் திறந்தாள். இரண்டாயிரம் ஜிபி ஃபைல் இருந்தது. அதன் பக்கத்தில் எழுபது ஜிபிக்கு இன்னொன்று இருந்தது. அதன் பெயர் ‘அப்டேட்டுக்கு முன், இரண்டு நாளில் நீக்கவும்’.

இந்த மாதிரிப் பெயர் வைக்கிற ஆள் அந்தக் கிளினிக்கில் ஒருத்திதான்.

ஸ்னாப்ஷாட் என்பது இதுதான். எதையாவது மாற்றிப் பார்க்கும் முன், கெட்டுப்போனால் திரும்பி வர வசதியாக, டிஸ்க்கை இருந்த நிலையில் நிறுத்திவைப்பது. நிறுத்திய நொடியிலிருந்து பெரிய ஃபைலில் ஓர் எழுத்துகூட ஏறாது. புதிதாக எழுதுவதெல்லாம் பக்கத்தில் ஒரு சின்ன ஃபைலில் சேரும். வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்து ஒன்றாகவே தெரியும். மாற்றம் சரியாக வந்துவிட்டால் இரண்டு நாளில் சின்னதைப் பெரியதோடு இணைத்துவிட வேண்டும். அவள் இணைக்கவில்லை. பேக்கப்போ பெரிய ஃபைலை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தது. அசலும் மாறவில்லை, நகலும் மாறவில்லை, பொருந்தாமல் எங்கே போகும்? பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தாள். வாராவாரம் இரண்டையும் ஒப்பிட்டு எழுதிவைக்கும் அந்த நீண்ட எண், நூற்றுச் சொச்சம் வாரமாக ஓர் இலக்கம்கூட மாறாமல் அதே எண். நூற்றுச் சொச்சம் டிக். ஒவ்வொன்றும் இரண்டு தரம் பார்த்துப் போட்டது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தாள், அதுவும் தரையில்.

கணவர் சாப்பாட்டு டப்பாவோடு வந்தபோது அப்படித்தான் இருந்தாள்.

“என்னம்மா, கீழ உக்காந்திருக்க? சேர் உடைஞ்சு போச்சா?”

“ரெண்டு வருஷமா ஒரே நாளையே நகல் எடுத்துட்டு இருந்திருக்கேங்க.”

அவருக்குப் புரியவில்லை. சொன்னாள். புரிந்ததும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இடது காலை மடக்க முடியாது அவருக்கு, நீட்டிக்கொண்டுதான் உட்காருவார்.

“அப்ப இந்த ரெண்டு வருஷத்துப் பிள்ளைங்க கணக்கெல்லாம்?”

“அந்தா, டக் டக்குங்குதே, அதுல மட்டும்தான் இருக்கு.”

“எப்படிம்மா விட்டே? நீ போய் விடுவியா?”

அவள் ஸ்னாப்ஷாட் எடுத்த தேதியைச் சொன்னாள். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். அப்டேட் போட்டுக்கொண்டிருந்த அன்று மதியம்தான் அவளுக்குப் போன் வந்தது. லிஃப்ட் குழிக்குள் உங்கள் கணவர் விழுந்துவிட்டார், உடனே வாங்க என்று. கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். இருபது நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடுவதை யார் நோண்டுவார்கள்?

“அப்போ இதுக்கும் என் காலுதான் காரணம்னு சொல்லு.”

“கால் ஒண்ணும் பண்ணல. ஞாபகப்படுத்திக்க எனக்கு ரெண்டு வருஷம் இருந்துச்சு.”

“வாராவாரம் பாத்துட்டுத்தானே வந்தே?”

“பாத்தேன். சரியா இருக்குன்னு எழுதியிருக்கான்னு பாத்தேன்.”

அவர் வாய் சும்மா இருக்கவில்லை. “நாங்க லிஃப்ட்ல பிரேக் பிடிக்குதான்னு ‘சரி’ன்னு எழுதின சீட்டைப் பாத்துட்டுப் போக மாட்டோம்மா. கூண்டுல மூட்டைய ஏத்தி, பாதியில நிறுத்திப் பாப்போம்.” சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றி, டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவமானமாக இருந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, இந்த மனுஷன் நியாயத்தை அல்லவா சொல்கிறார்.

பிறகு எழுந்தாள். தாளில் எழுதியிருந்ததை முழுக்க அடித்தாள். இந்த நிலையில் பெரிய ஃபைலை வெட்டியிருந்தால், அதன்மேல் உட்கார்ந்திருந்த சின்ன ஃபைலுக்குக் கீழே தரையே இருந்திருக்காது. இரண்டு வருஷமும் அந்தரத்தில் போயிருக்கும். சரி, முதலில் இரண்டையும் இணைத்துவிட்டுச் சுருக்கலாமா? இணைக்க வேண்டுமானால் எழுபது ஜிபியை அந்தச் சாகக் கிடக்கிற டிஸ்க்கில் எழுத வேண்டும். நடக்கவே முடியாதவரை எழுப்பி மூட்டை தூக்கச் சொல்வதுபோல. கூடாது.

“பழசை நான் தொடவே போறதில்ல,” என்றாள். “வெட்டவும் வேணாம், ஒட்டவும் வேணாம். புது மெஷின்ல முந்நூத்தம்பதுக்கு ஒரு சின்ன டிஸ்க் புதுசா போடறேன். இதை ஓடவிட்டு, உள்ள இருக்கறதைப் படிச்சு மட்டும் அங்க மாத்தறேன். காலி இடம் இங்கயே கிடக்கட்டும்.”

“இதை முதல்லயே பண்ணியிருக்கலாமே?”

“முதல்ல தெரிஞ்சிருந்தா எல்லாம் பண்ணியிருக்கலாம்.”

ஒன்றரைக்குத் தொடங்கினாள். இரண்டு வருஷத்துக் குழந்தைகள் முதலில், அப்புறம் பழையவர்கள், கடைசியில் மற்றது. ஒவ்வொரு பெயராகத் திரையில் ஓடியது. இயந்திரம் டக் என்றால் பெயர் நிற்கும். நின்ற பெயர் மறுபடி நகரும்வரை அவள் மூச்சு விடவில்லை. கணவர் மேசை விசிறியைத் தூக்கி இயந்திரத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார், சூடு ஏறினால் இன்னும் மோசமாகும் என்று. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், ரிசப்ஷன் வரை போனாள், போனதும் திரும்பி ஓடி வந்தாள். காலையில் நேராக்கிய நாற்காலிகளை மறுபடி நேராக்கினாள்.

“நீ நடக்கற நடைக்கு அந்த டிஸ்க்கே பயந்து நின்னுடும். கொஞ்சம் நில்லேன்.”

“நின்னா நெஞ்சு அடிக்கறது கேக்குதுங்க.”

நாலு இடத்தில் பெயர் நின்றது, நகரவில்லை. நாலு குழந்தைகள், எல்லாரும் அந்த இரண்டு வருஷத்தில் வந்தவர்கள். ஒவ்வொன்றையும் தரும்படி டிஸ்க்கிடம் மறுபடி கேட்டுப் பார்த்தாள். கேட்கக் கேட்கச் சத்தம் கூடியது. மூன்றாவது தரம் கேட்கக் கை போனது. அடம்பிடித்தால் மற்றவர்களும் போய்விடுவார்கள். கையை எடுத்துக்கொண்டு அந்த நாலையும் தாண்டச் சொன்னாள். அதைச் செய்தபோது அழுதுவிட்டாள், கணவர் விசிறியைப் பிடித்தபடியே வேறு பக்கம் பார்த்தார்.

ஐந்து மணிக்குள் மற்றதெல்லாம் வந்து சேர்ந்தது. புது இயந்திரத்தில், புது டிஸ்க்கில், கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்தது. முந்நூற்றைம்பதில் இருநூற்றுச் சொச்சம் போக மிச்ச இடம் அளவாக இருந்தது. அவள் ‘சரி’ என்ற சொல்லைத் தேடவில்லை. இரண்டு வருஷத்தில் வந்த குழந்தைகளை ஒவ்வொருவராகத் திறந்து, எண்களைக் கண்ணால் பார்த்தாள். நகல் எடுத்தாள். நகலையும் திறந்து பார்த்தாள். பழைய இயந்திரத்தை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கி, ‘தொடாதே’ என்று தாள் ஒட்டினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் மெதுவாக ஆரம்பித்தார். “டிஸ்க் பழசு. நாலு ஃபைல் போச்சு. மீதியெல்லாம் நீ காப்பாத்திட்டேன்னு டாக்டர்கிட்ட சொன்னா பொய்யும் இல்ல.”

“பொய் இல்லதான்.”

“அப்புறம் என்ன?”

அன்றைக்கு மூன்று மாடி ஏறியவள் நேரே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை டாக்டரம்மா பையை வைப்பதற்குள் போய் நின்றாள். “உக்காரும்மா” என்றார். “நின்னுட்டே சொல்லிடறேன் டாக்டர்” என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். ஸ்னாப்ஷாட், டிக், நாலு பெயர். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

“போன வருஷமே அந்த டிஸ்க் போயிருந்தா?”

“ரெண்டு வருஷமும் போயிருக்கும் டாக்டர்.”

“நீ இருக்கேன்னுதான் நான் ஒருநாளும் கேக்கல.” குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நாலு பெயரையும் ரிசப்ஷனுக்குக் கொடுத்தார்கள். ரிசப்ஷன் பெண் அன்று ஒரு கிண்டலும் செய்யாமல் போன் போட்டாள். மூன்று குழந்தைகளுக்கு மெஷின் காதிலேயே இருந்தது. கூட்டி வந்தால் அதிலிருந்து அளவைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நாலாவது, நாலு வயதுப் பையன். போன வாரம் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது மெஷின் கழன்று ரோட்டில் விழுந்து, பின்னால் வந்த வண்டி ஏறிவிட்டது. புது மெஷின் வாங்கியாகிவிட்டது. பழைய அளவை ஏற்றித் தருகிறோம், புதன்கிழமை வாங்க என்று ரிசப்ஷனிலேயே சொல்லியிருந்தார்கள்.

“அந்தப் பையனுக்கு அளவு எடுக்க எனக்கு ஏழு தடவை ஆச்சு,” என்றார் டாக்டரம்மா. “புதன்கிழமை நீயும் உள்ள வா.”

“நான் எதுக்கு டாக்டர்?”

“அவன் எதிர்ல ஒரு ஆள் உக்காரணும். அதுக்குன்னு இருக்கற பொண்ணு லீவு. ஆனா அசையக் கூடாது. சத்தம் வர்றப்ப நீ கண்ணைச் சிமிட்டினாகூட அதைப் பாத்துட்டு, கேட்ட மாதிரி பண்ணிடுவான். அளவு பொய்யாயிடும்.”

பதினாறு வருஷத்தில் அவள் அந்தச் சோதனை அறைக்குள் ஒயர் மாற்றத்தான் போயிருக்கிறாள். சுவர் முழுக்கக் கம்பளம், ஜன்னல் இல்லை, டாக்டரம்மா பார்க்க ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்பு மட்டும், கதவைச் சாத்தினால் தன் மூச்சே பெரிதாகக் கேட்கும். தாழ்வான மேசையில் ஒரு வாளியும் மரக்கட்டைகளும். பையன் எதிரே வந்து உட்கார்ந்தான். சத்தம் கேட்டால் ஒரு கட்டையை வாளியில் போட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அவன் ஒரு கட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய ஓசை வந்தது. அவளுக்குக் கேட்டது. அவனுக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக வந்தது. அவன் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். ‘போடுடா கண்ணா, இதோ வருது பாரு’ என்று தலையை ஆட்ட அவளுக்குத் துடித்தது. முழங்கால் ஆடத் துடித்தது. ஓசை ஏறிக்கொண்டே போயிற்று. மேசை அதிர்ந்தது, அவளுக்குக் காதே வலித்தது. அவன் இன்னும் கட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவள் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். திடீரென்று கண் அகலமாகி, கட்டையை வாளியில் போட்டான். போட்டுவிட்டுச் சிரித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு எண்கள்தான் கிடைத்தன. அப்புறம் பையன் கட்டையை வீசி எறிந்து அழ ஆரம்பித்துவிட்டான். “இன்னைக்கு இவ்வளவுதான்,” என்றார் டாக்டரம்மா. “இப்போதைக்குச் சுமாரா வெச்சுத் தர்றேன். இன்னும் அஞ்சு வாரமாவது வரணும்.”

பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் அம்மா வராந்தாவில் அவளை நிறுத்தினாள். “பழைய அளவு கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொன்னாங்களே? அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்.”

“இருந்துச்சும்மா. பாத்துக்க வேண்டியது நான். நான்தான் தொலைச்சேன்.”

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து இவள் தலையைக் குனிந்துகொண்டாள். பையன் விசும்பிக்கொண்டே தாயின் காது வளையத்தைப் பிடித்து இழுத்தான்.

“நான் உள்ள உக்காந்தா பத்து நிமிஷம்கூட இருக்க மாட்டான், மடியில ஏறிக்குவான்,” என்றாள் அந்தப் பெண். “உங்க முன்னாடி ஒரு மணி நேரம் இருந்திருக்கான். அஞ்சு வாரமும் நீங்களே வந்து உக்காருங்க.”

மன்னித்துவிட்டாளா இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“உக்காருறேன்மா,” என்றாள் அவள்.